பனிமனிதன்: கதையும் சான்றும்

வடவங்கத்திலும் அசாமிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் டார்ஜீலிங், காங்டாக், லாச்சுங் என்னும் ஊர்ப் பெயர்களே பேச்சாக இருக்கும். பெரியவர்கள் செலவைக் கணக்கிடுவார்கள்; தாய்மார்கள் கம்பளி உடைகளை வெயிலில் உலர்த்துவார்கள்; குழந்தைகளோ ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்: "அங்கே பனிமனிதன் இருக்கிறானாமே, மெய்தானா?"

இக்கேள்விக்கு நம் வீடுகளில் இருவகை விடைகள் கிடைக்கின்றன. "எல்லாம் வெறுங்கதை" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது ஒருவகை. "ஆமாம், சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்" என்று அச்சுறுத்துவது மற்றொரு வகை. இவ்விரண்டும் விடையாகா. முன்னது குழந்தையின் அறிவு வேட்கையை அணைக்கிறது. பின்னது அதன் உள்ளத்தில் அச்சத்தை விதைக்கிறது. பனிமனிதனைக் கண்டதாக யார், எப்போது, எங்கே கூறினர்? அவர்கள் காட்டிய சான்றுகள் யாவை? அச்சான்றுகளைச் சோதித்தவர் கண்ட முடிவு என்ன? மலைக்குச் செல்லும் நாம் மெய்யாகவே அஞ்ச வேண்டியது எதற்கு? இவற்றை வரிசைப்படுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பிறந்த கதை

இமயத்தின் வடபுறத்தும் தென்புறத்தும் வாழும் மக்கள் இவ்வுயிரைப் பல பெயர்களால் வழங்குகின்றனர். நேபாளத்து ஷெர்ப்பா மக்கள் 'யெட்டி' என்பர். பூட்டானியர் 'மிகோய்' என்பர். ஷெர்ப்பாக்களிடம் ஒரு பெயரே அன்றி இரு பெயர்கள் உண்டு. கால்நடைகளைக் கொன்று தின்னும் பெரியதைத் 'ட்சு-தே' என்றும், மனிதனை ஒத்த சிறியதை 'மே-தே' என்றும் அவர்கள் பிரித்துக் கூறுவர். அவருள் அறிந்தோர் பலர் முன்னதைக் கரடி என்றே ஒப்புக்கொள்கின்றனர் என்பது கருதத்தக்கது.

ஆங்கில நூல்களில் இச்செய்தி முதன்முதல் இடம்பெற்றது நம் கல்கத்தாவின் வாயிலாகவே. காத்மாண்டில் ஆங்கிலப் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் என்பார், 1832இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வரைந்தார். தம்முடைய ஏவலாளர் வடநேபாளத்தில், உடலெங்கும் நீண்ட மயிர் அடர்ந்து நிமிர்ந்து நடந்த ஓர் உயிரைக் கண்டு அஞ்சி ஓடினர் என்பது அவர் எழுதிய செய்தி. அவர் தாமே அதனைக் கண்டாரல்லர். அஃது ஒராங்குட்டானாக இருக்கலாம் என்று கருதினார். 1889இல் வாடெல் என்னும் மருத்துவ அதிகாரி சிக்கிமின் வடகிழக்கில் பனிமேல் பெரிய அடிச்சுவடுகளைக் கண்டார். உடன்வந்தோர் அவை காட்டு மனிதனுடையவை என்றனர். அவரோ அவை கரடியின் சுவடுகளே என்று முடிவு செய்தார்.

உலகப் புகழ் வந்தது 1921இல். அவ்வாண்டு எவரெஸ்ட் மலைக்கு வழி காணச் சென்ற குழுவின் தலைவர் ஹோவர்ட்-பெரி, லாக்பா லா என்னும் கணவாயில் சுவடுகள் சிலவற்றைக் கண்டார். அவை ஓநாயின் சுவடுகளாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. சுமை தூக்கிச் சென்றோர் 'மேதோ கங்மி' என்று ஒரு பெயர் கூறினர். குழுவினர் டார்ஜீலிங் திரும்பியபோது அவர்களைக் கண்டு பேசிய ஹென்றி நியூமன் என்பார், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழுக்கு எழுதிவந்தவர். அவர் 'மேதோ' என்னும் சொல்லை 'அழுக்கடைந்த', 'அருவருக்கத்தக்க' என்னும் பொருளில் மொழிபெயர்த்து, 'அருவருப்பான பனிமனிதன்' என்று எழுதிவிட்டார். சொல்லின் பொருளோ அதுவன்று. ஆயினும் பிழையாகப் பெயர்த்த அப்பெயரே உலகின் எல்லா நாளிதழ்களிலும் ஏறிவிட்டது. ஒரு சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் அது ஒரு விலங்கையே பிறப்பிக்கும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

பனிமேல் அடிச்சுவடுகள்

கண்ணால் கண்டோர் கூற்றுகளுள் பெரிதும் எடுத்துக்காட்டப் பெறுவது 1925இல் நிகழ்ந்தது. தொம்பாசி என்னும் கிரேக்கப் புகைப்படக்காரர் சிக்கிமில் ஜெமு பனியாற்றின் அருகே, ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், இருநூறு முந்நூறு கெஜத் தொலைவில் நிமிர்ந்து நடக்கும் ஓர் உருவத்தைக் கண்டார். அஃது இடையிடையே நின்று குட்டையான செடிகளைப் பிடுங்கிற்று. சிறிது நேரத்தில் மறைந்துவிட்டது. பின்னர் அவ்விடம் சென்று பார்த்தபோது ஆறேழு அங்குல நீளமுள்ள சுவடுகள் இருந்தன. மனிதனின் அடியைவிடச் சிறிய அச்சுவடுகள் ஒரு பெரும் பூதத்தினுடையவை ஆகுமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

1951 நவம்பரில் எரிக் ஷிப்டன், மைக்கேல் வார்ட் என்னும் மலையேறிகள் மென்லுங் பனியாற்றில் ஒரு சுவட்டைப் பனிக்கோடரியின் அருகே வைத்துப் படம் பிடித்தனர். ஏறத்தாழ 13 அங்குல நீளமும், அதற்கேற்ற அகலமும், தெளிவான பெருவிரலும் உடைய அப்படமே பனிமனிதனின் கதைக்கு உயிரூட்டியது எனலாம். 1953இல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டிய டென்சிங் நோர்கேயும் தம் வாழ்க்கை வரலாற்றில் தம் தந்தையார் யெட்டியைக் கண்டதாகக் குறிப்பிட்டார். தாம் நேரில் கண்டதாக அவர் கூறவில்லை.

சுவடு பொய் சொல்லாது என்பது நம் ஊர் வேட்டைக்காரர் மொழி. ஆனால் அது மண்ணுக்குப் பொருந்தும், பனிக்குப் பொருந்தாது. பனிமேல் பதிந்த சுவடு காலை வெயிலில் ஓரம் உருகி அகலும். இரவில் மீண்டும் உறையும். மறுநாள் மேலும் அகலும். மூன்று நாட்களில் நரியின் அடி ஆளடியாகத் தோன்றும். இன்னொரு காரணமும் உண்டு. கரடி நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்திலேயே பின்னங்காலையும் பெரும்பாலும் வைக்கிறது. இரண்டு சுவடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே நீண்ட சுவடாகிவிடும். நான்கு கால்களால் நடந்த விலங்கு இரண்டு கால்களால் நடந்ததுபோல் தோன்றுவது இதனாலேயே.

அண்மையில் 2019 ஏப்ரலில் நம் இந்தியப் படையின் மலையேற்றக் குழுவினர் மக்காலு மலையடி முகாமின் அருகே 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள சுவடுகளைக் கண்டதாகப் படத்துடன் செய்தி வெளிவந்தது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனிதனின் அடி அவனது உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு இருக்கும். அவ்வளவிலே 32 அங்குல அடியுடையவன் ஏறக்குறைய 18 அடி உயரம் இருத்தல் வேண்டும். இரண்டு யானைகளை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்திய உயரம் அது! நேபாளப் படை அதிகாரிகள் அப்பகுதி மக்களைக் கேட்டு, அவை அங்கு அடிக்கடி காணப்பெறும் கரடியின் சுவடுகளே என்று விளக்கினர்.

மடங்களில் இருந்த சின்னங்கள்

சுவடுகளைக் காட்டிலும் வலிமையான சான்று உடலின் பகுதி. எவரெஸ்ட் வழியிலுள்ள பாங்போச்சே, கும்ஜுங் என்னும் ஊர்களின் புத்த மடங்களில் யெட்டியின் தலைத்தோல் என்றும், கை என்றும் சில சின்னங்கள் போற்றப்பட்டு வந்தன. 1950களின் பிற்பகுதியில் டாம் ஸ்லிக் என்னும் அமெரிக்கச் செல்வர் பனிமனிதனைத் தேடப் பல குழுக்களை அனுப்பினார். அக்குழுவைச் சேர்ந்த பீட்டர் பர்ன் என்பார் 1959இல் பாங்போச்சே கையிலிருந்து ஒரு விரலைப் பெற்று இந்தியாவிற்குள் கொணர்ந்தார். அவ்விரல் கல்கத்தாவிலிருந்து இலண்டனுக்குச் சென்ற விதம் விந்தையானது. புகழ்பெற்ற ஆலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் அவர் மனைவியாரும் தம் பயணப் பெட்டியில் துணிகளுக்கிடையே அதனை மறைத்து எடுத்துச் சென்றனர். அரை நூற்றாண்டு கழிந்து, 2011இல் எடின்பரோவில் அவ்விரலின் மரபணுவைச் சோதித்தனர். அது மனித விரலே என்பது வெளிப்பட்டது. மடத்திலிருந்த கையோ 1990களில் களவு போய்விட்டது.

எவரெஸ்ட் வென்ற எட்மண்ட் ஹிலாரி 1960இல் பனிமனிதனைத் தேடுவதற்கென்றே ஒரு குழுவுடன் சென்றார். 'ஸ்டேட்ஸ்மன்' இதழாளரான டெஸ்மண்ட் டாய்க் என்பாரும் அக்குழுவில் இருந்தார். கும்ஜுங் மக்கள் தம் தலைத்தோலை ஆறு வாரங்களுக்கு மட்டும் கொடுக்க இசைந்தனர். அது தனியே போகலாகாது என்பதால் ஊர்ப் பெரியவரான குஞ்சோ சும்பியும் அதனுடன் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் விமானத்தில் சென்று திரும்பினார். அறிஞர்கள் கண்ட முடிவு யாது? சீரோ என்னும் மலையாட்டின் தோலை அச்சில் வைத்துக் கூம்பு வடிவாகச் செய்யப்பட்டதே அத்தலைத்தோல். குழுவினர் விலைக்கு வாங்கிய 'யெட்டித் தோல்கள்' திபெத்து நாட்டுக் கரடியின் தோல்கள்.

இதனைக் கேட்டு அம்மலைமக்களை ஏமாற்றுக்காரர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அச்சின்னங்கள் விற்பனைக்காக வைக்கப்பட்டவை அல்ல; வழிபாட்டுக்கும் திருவிழாக் கூத்துகளுக்கும் உரியவை. நம் கோயில்களில் யாளி வாகனமும் கிம்புருட வாகனமும் இருப்பதைக் கண்டு, யாளியின் எலும்பு எங்கே என்று ஒருவர் வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்? நம்பிக்கைக்கு உரிய பொருளை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துச் சென்றது பிறர் செயலே அன்றோ?

அம்முயற்சியால் விளைந்த நன்மை ஒன்று உண்டு. கும்ஜுங் மக்களுக்கு ஹிலாரி 1961இல் ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தந்தார். அதனைத் தொடர்ந்து அம்மலைநாட்டில் பல பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் எழுந்தன. பனிமனிதனைத் தேடிச் சென்றவர் பனிமனிதனைக் கண்டாரல்லர். எழுத்தறிவில்லாத குழந்தைகளைக் கண்டார்.

ஆய்வுக்கூடத்தின் தீர்ப்பு

பார்சல் அலுவலகத்தில் பணியாற்றும் என்போன்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையின்மேல் 'பட்டு' என்று எழுதியிருப்பதால் மட்டும் நாங்கள் அதனைப் பட்டு என்று கொள்வதில்லை. ஐயம் எழுந்தால் பிரித்துப் பார்த்தே பதிவு செய்வோம். அறிவியலார் செய்ததும் அதுவே.

2014இல் பிரையன் சைக்ஸ் என்னும் ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர், பல நாடுகளிலிருந்தும் வந்த மயிர்களின் மரபணுவை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். லடாக்கிலும் பூட்டானிலும் கிடைத்த இரண்டு மயிர்கள் பண்டைக் காலத்துத் துருவக் கரடியின் மரபணுவை ஒத்துள்ளன என்றார். உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. ஆனால் விரைவிலேயே பிற அறிஞர்கள் அதே மரபணுவை மறுபடி ஆராய்ந்து, அவை இமயத்துப் பழுப்புக் கரடியினுடையவையே என்று காட்டினர்.

2017இல் சார்லட் லிண்ட்க்விஸ்ட் என்னும் அம்மையார் தம் குழுவினருடன் இன்னும் விரிவான ஆராய்ச்சியை வெளியிட்டார். அருங்காட்சியகங்களிலும் தனியார் சேமிப்பிலும் யெட்டியினுடையவை என்று வைக்கப்பட்டிருந்த எலும்பு, பல், தோல், மயிர், எரு ஆகிய ஒன்பது பொருள்களை அவர் சோதித்தார். எட்டுப் பொருள்கள் கரடியினுடையவை. அவற்றில் திபெத்துப் பழுப்புக் கரடியும், இமயத்துப் பழுப்புக் கரடியும், கருங்கரடியும் இருந்தன. எஞ்சிய ஒன்று நாயினுடையது!

இருபதாண்டுக்கு மேலாக மலைகளை அளந்த மெஸ்னர் என்னும் இத்தாலிய மலையேறியும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தார். 1986இல் கிழக்குத் திபெத்தில் அந்திப் பொழுதில் அவர் ஒரு பெரிய உருவத்தைக் கண்டு திடுக்கிட்டார். அதன் உண்மையை அறியப் பன்னிரண்டு ஆண்டுகள் அலைந்து, 1998இல் ஒரு நூல் எழுதினார். இரவில் உலவுவதும், சிலவேளை நிமிர்ந்து நிற்பதும், சீழ்க்கை போல் ஒலிப்பதும் ஆகிய கரடி ஒன்றே மக்கள் கூறும் யெட்டி என்பது அவர் துணிபு.

எங்கே வாழும்? எதை உண்ணும்?

"இத்தனை பெரிய மலையில் மனிதர் கண்ணிற் படாத உயிர் ஒன்று இருத்தல் கூடாதா?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அருணாசலப் பிரதேசத்தின் தவாங், மேற்குக் கமெங் மாவட்டங்களில் வாழும் ஒரு குரங்கினம், அறிவியல் உலகுக்குப் புதியது என்று நம் இந்திய அறிஞர்களால் 2005இல்தான் அறிவிக்கப்பட்டது. அதனை 'அருணாசலக் குரங்கு' என்பர். அம்மலைவாழ் மக்கள் அதனை 'முன் சாலா', அதாவது ஆழ்ந்த காட்டுக் குரங்கு, என்று முன்பே அறிந்திருந்தனர். தெளிவான புகைப்படங்களே அதற்குச் சான்றாயின. எனவே, மலைமக்கள் கூறுவதெல்லாம் பொய் என்று தள்ளுவது அறிவுடைமை ஆகாது.

பழங்காலத்தில் பெரிய வாலில்லாக் குரங்குகள் இருந்ததும் உண்மையே. 1935இல் கோனிக்ஸ்வால்டு என்னும் அறிஞர் ஆங்காங்கிலுள்ள ஒரு சீன மருந்துக் கடையில் 'யாளிப் பல்' என்று விற்ற பொருள்களுக்கிடையே மிகப் பெரிய கடைவாய்ப் பல் ஒன்றைக் கண்டெடுத்தார். ஜைகாண்டோபித்திக்கஸ் என்று பெயர் பெற்ற அப்பெருங்குரங்கு தென்சீனத்தில் வாழ்ந்தது. நம் நாட்டில் சிவாலிக் மலைத்தொடரிலும் அதற்கு உறவான ஒன்றின் தாடை எலும்பு கிடைத்துள்ளது. ஆனால் முன்னது மறைந்து இரண்டு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாயின. பின்னது எண்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

மேலும், பனிமனிதன் என்னும் பெயரே பொருத்தமற்றது. பதினெட்டாயிரம் அடியில் பனியும் பாறையும் அல்லது உண்பதற்கு ஒன்றும் இல்லை. பேருருவம் கொண்ட குரங்கினம் நாள் முழுதும் இலையும் கனியும் கிழங்கும் தேடி உண்டாலன்றி உயிர் வாழாது. கிழக்கு இமயத்தில் ஏறத்தாழ 13,000 அடிக்குமேல் மரங்களே வளர்வதில்லை. ஆகையால் அப்படி ஒன்று இருப்பின் அது கீழுள்ள காட்டில் வாழ வேண்டும். பனியில் காண்பவை ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மற்றொன்றுக்குக் கடந்து செல்லும் விலங்கின் சுவடுகளே ஆகும். அன்றியும் ஒரே ஒரு பனிமனிதன் நூற்றாண்டுக் கணக்கில் வாழ இயலாது. ஆணும் பெண்ணும் குட்டிகளுமாக ஒரு கூட்டமே இருத்தல் வேண்டும். அவ்வாறு இருப்பின் அவற்றுள் ஒன்றேனும் இறந்திருக்கும், எலும்பேனும் கிடைத்திருக்கும்.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றையும் கூறுகிறேன். 2019 முதல் 2023 வரை நம் அரசு இமயத்தின் பனிச்சிறுத்தைகளைக் கணக்கெடுத்தது. 1,971 இடங்களில் தானியங்கிக் காமிராக்கள் வைக்கப்பட்டன. மனிதர் கண்ணில் எளிதில் படாத பனிச்சிறுத்தைகள் 241 அவற்றில் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. நாடு முழுதும் 718 இருக்கும் என்று 2024இல் அறிவித்தனர். சிக்கிமில் மட்டும் 21. பனியின் நிறத்தோடு கலந்து மறையும் பூனையினம் படத்தில் விழுகிறது. ஆளுயரப் பனிமனிதன் விழவில்லை.

காரோ மலையின் காட்டு மனிதன்

பனியை விட்டுக் காட்டுக்கு வருவோம். மேகாலயத்தின் காரோ மலையில் 'மாண்டே பாருங்' என்னும் காட்டு மனிதனைப் பற்றிய வழக்கு உண்டு. கரிய மயிர் அடர்ந்து, ஆளைவிட உயர்ந்து, குரங்கு போன்ற முகத்துடன் அது நிமிர்ந்து நடக்கும் என்பர். பால்பக்ரம், நோக்ரெக் காடுகளே அதன் இருப்பிடம் என்று கூறுவர். குளிரும் பனியும் இல்லாத மழைக்காடு. ஆண்டு முழுதும் கனி. காட்டு ஆரஞ்சு இயற்கையாக விளையும் இடம். எனவே குரங்கினம் ஒன்று வாழ்வதற்குப் பனிமலையைவிட இதுவே ஏற்றது. இந்தியாவின் உண்மையான வாலில்லாக் குரங்கு, ஹூலக் கிப்பன், இக்காடுகளில் இன்றும் வாழ்கிறது. ஆனால் அதன் எடை ஆறு முதல் எட்டுக் கிலோவே. மரக்கிளைகளைவிட்டு அது பெரும்பாலும் இறங்குவதில்லை.

2008இல் இம்மலையில் கிடைத்த சில மயிர்களைக் காட்டு மனிதனுடையவை என்று கருதி இங்கிலாந்துக்கு அனுப்பிச் சோதித்தனர். அவை கோரல் என்னும் காட்டாட்டின் மயிர்கள் என்று தெரியவந்தது. வியப்பு யாதெனில், இம்மலைகளில் மனிதரின் வரவால் இடமிழந்து மறைந்து வருவது கதையிலுள்ள காட்டு மனிதன் அல்லன். கண்முன் வாழும் கிப்பனே. இல்லாததைத் தேடுவோர் கூட்டம் பெரிது. இருப்பதைக் காப்போர் கூட்டம் சிறிது.

தில்லி தந்த பாடம்

குரங்கு மனிதனால் நம் நாட்டில் மெய்யாகவே உயிரிழந்தோர் உண்டு. ஆனால் அது மலையிலோ காட்டிலோ அன்று, தலைநகரிலேயே. 2001 மே மாதம் தில்லியின் கிழக்குப் பகுதிகளில், இரவில் மயிரடர்ந்த 'காலா பந்தர்' வந்து உறங்குவோரைப் பிறாண்டுகிறது என்று வதந்தி கிளம்பியது. மின்சாரம் இல்லாத கோடை இரவுகள். மொட்டை மாடிகளில் மக்கள் உறங்கிய காலம். ஒருவர் அலறினால் தெரு முழுதும் அலறும். காவல் நிலையங்களுக்கு நூற்றுக்கணக்கான முறையீடுகள் வந்தன. காவல் துறை உருவப்படம் வெளியிட்டது. ஐம்பதாயிரம் ரூபாய் பரிசும் அறிவித்தது. இறுதியில் ஆராய்ந்த மருத்துவர்கள், காயங்களுள் பல எலி முதலிய விலங்குகளாலும் தாமே விழுந்ததாலும் உண்டானவை என்றும், இஃது அச்சத்தின் தொற்றே என்றும் கூறினர். அதற்குள் இருட்டில் மாடியிலிருந்து குதித்தும் படிக்கட்டில் விழுந்தும் சிலர் இறந்தனர். அவருள் கருவுற்ற ஒரு பெண்மணியும் இருந்தார்.

இல்லாத குரங்கு எவரையும் கொல்லவில்லை. இருந்த அச்சம் கொன்றது. குழந்தைகளைப் பூச்சாண்டி காட்டி வளர்க்கும் நம் பழக்கத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்பது நலம்.

மலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

1959இல் நேபாள அரசு யெட்டியைத் தேடி வருவோர்க்கு விதிகள் வகுத்திருந்தது. ஐயாயிரம் ரூபாய் கட்டி உரிமம் பெற வேண்டும். படம் பிடிக்கலாம், உயிருடன் பிடிக்கலாம். தற்காப்புக்கு அன்றிக் கொல்லலாகாது. கண்ட செய்தியை அரசிடமே முதலில் தெரிவிக்க வேண்டும் என்பன அவை. நமக்கு அவ்விதிகள் தேவையில்லை. நமக்கு வேண்டியவை வேறு.

முதலாவது, கரடி. யெட்டியாக மாறிய அதே கரடி இமயத்தின் காடுகளில் மெய்யாகவே உண்டு. கருங்கரடியால் தாக்குண்டு முகமும் கண்ணும் இழந்தோர் காஷ்மீர் முதல் அருணாசலம் வரை உள்ளனர். காட்டுப் பாதையில் விடியலிலும் அந்தியிலும் தனியே செல்லலாகாது. கூட்டமாகச் சென்று, பேசிக்கொண்டே நடப்பின் கரடி முன்னரே விலகிவிடும். திடீரென்று எதிர்ப்படுவதே ஆபத்து. குட்டியுடன் கண்டால் அணுகாது, முதுகைக் காட்டி ஓடாது, மெல்லப் பின்வாங்குக. தாக்கவே வந்துவிட்டால் குப்புறப் படுத்துக் கைகளால் முகத்தையும் பிடரியையும் காத்துக்கொள்ளுதல் நன்று. தங்குமிடத்தருகே உணவின் மிச்சத்தை எறியாதீர்கள்.

இரண்டாவது, யானை. காரோ மலைக்கும் தராய்க் காடுகளுக்கும் செல்வோர் காட்டு மனிதனைக் காணப்போவதில்லை, யானையைக் காணக்கூடும். இரவில் காட்டுச் சாலையில் இறங்கி நிற்பதும், படம் பிடிக்க நெருங்குவதும் உயிருக்கு உலையாகும்.

மூன்றாவது, சாதாரணக் குரங்கு. டார்ஜீலிங்கில் மகாகால் குன்றின் குரங்குகள் கையிலுள்ள தின்பண்டத்தைப் பறிக்கும். குழந்தைகள் கையில் உணவைக் கொடுத்து அழைத்துச் செல்லாதீர்கள். கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ காயத்தைச் சவுக்காரமும் ஓடும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவதே யாவற்றினும் பெரியது. அது கண்ணுக்குப் புலப்படாதது. மெல்லிய காற்றைக் கூறுகிறேன். வடசிக்கிமின் குருதோங்மார் ஏரி 17,000 அடிக்கு மேல் உள்ளது. அங்கே நாம் மூச்சில் பெறும் பிராணவாயு கடற்கரையில் பெறுவதில் ஏறக்குறைய பாதிதான். சமவெளியில் வாழும் நம்மவர், இரண்டே நாளில் அவ்வளவு உயரம் ஏறிச் சிறு குழந்தைகளையும் முதியோரையும் உடன் கொண்டு செல்கின்றனர். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், பிதற்றல் ஆகியவை தோன்றினால் அது குளிரால் வந்தது என்று கருதி மேலும் ஏறலாகாது. உடனே கீழே இறங்குவதே மருந்து. பத்தாயிரம் அடிக்குமேல் நாளொன்றுக்கு ஆயிரத்தைந்நூறு அடிக்கு மிகாமல் உறங்குமிடத்தை உயர்த்துக. கைக்குழந்தைகளையும் இதயநோய், மூச்சுநோய் உடையோரையும் அவ்வுயரத்துக்கு அழைத்துச் செல்லாமல் இருப்பதே அறிவுடைமை.

எனவே, அன்பர்களே, இவ்விடுமுறையில் உங்கள் குழந்தை பனிமனிதனைப் பற்றிக் கேட்டால் இவ்வாறு விடை கூறுங்கள்: "இருநூறு ஆண்டுகளாகப் பலர் தேடினர், கையில் கிடைத்தவை கரடியும் ஆடும் நாயுமே. இன்னும் எவரேனும் ஓர் எலும்பைக் கொணர்ந்தால் அதையும் சோதித்துப் பார்ப்போம்." இவ்விடையில் அச்சமும் இல்லை; ஏளனமும் இல்லை. எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காண வேண்டும் என்னும் நம் முன்னோர் நெறியை அயலூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பழக்குவதற்கு இமயமலையினும் பெரிய பள்ளிக்கூடம் எங்கே கிடைக்கும்?